தாய்மார்களைத் தேடிச் சென்ற பரிசோதனை

புற்றுநோய் என்ற சொல்லை நம் வீடுகளில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. அக்கம்பக்கத்தில் யாருக்காவது வந்துவிட்டால் "அந்த நோவு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். அதிலும் பெண்களுக்கு மட்டுமே உரிய உறுப்பில் வந்துவிட்டால், தாழ்ந்த குரலில்கூட அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாதிருப்பதால் நோய் போய்விடுமானால் நாமும் பேசாமல் இருந்துவிடலாம். அப்படிப் போவதாக இல்லை. ஆகவே மாணவியருக்கும், இம்மலரைக் கையில் எடுக்கும் தாய்மார்களுக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றி இங்கே சற்று விரிவாகவே எழுத எண்ணினேன்.

முதலில் பெயரைப் பாருங்கள். மேலை நாட்டு மருத்துவர்கள் பண்டைக் காலத்திலேயே இந்நோய்க்கு நண்டின் பெயரைச் சூட்டினார்கள். கட்டியைச் சுற்றிப் புடைத்து ஓடும் இரத்த நாளங்கள் நண்டின் கால்களைப் போல் தோன்றியதே காரணம் என்பர். நாம் புற்று என்கிறோம். தரைக்கு மேலே ஒரு சிறு மேடு. உள்ளே எத்தனை வழிகள், எத்தனை அறைகள் என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது. நம் பெயரே பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

கருப்பையின் கீழ்ப்பகுதி, ஒரு குடத்தின் கழுத்தைப் போலக் குறுகி முடியும் இடமே கருப்பைவாய். அங்கு தோன்றும் புற்றுநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். மனித பாப்பிலோமா வைரஸ் என்று அதற்குப் பெயர். இதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஜெர்மானிய அறிஞர் ஹெரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸ் தாம்பத்திய உறவின் வழியே பரவுவது. இதைக் கேட்டவுடன் சிலர் முகம் சுளிப்பார்கள். நோயுற்ற பெண்ணின் நடத்தையைப் பற்றிப் பேசவும் தொடங்கிவிடுவார்கள். அது பெரிய தவறு. மணமான ஆண், பெண் இருபாலருள் பெரும்பாலோருக்கும் வாழ்நாளில் என்றாவது ஒரு முறை இவ்வைரஸ் வந்து போகிறது. ஒருவர் உடலில் அது காணப்படுவது அவர் ஒழுக்கத்திற்குச் சான்றுமன்று, குற்றச்சாட்டுமன்று.

பெரும்பாலோர் உடலில் ஓரிரு ஆண்டுகளுக்குள் தானாகவே மறைந்துவிடும் இவ்வைரஸ், சிலரிடம் மட்டும் தங்கிவிடுகிறது. தங்கிய இடத்தில் செல்கள் மெல்ல மெல்ல உருமாறுகின்றன. அந்த மாற்றம் முழுப் புற்றாக முற்றுவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள், சில வேளை இருபது ஆண்டுகள்கூட ஆகும். மாணவியர் இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இவ்வளவு நீண்ட அவகாசத்தை மனிதருக்குக் கொடுத்துவிட்டு வரும் புற்றுநோய்கள் மிகச் சில. அந்தப் பத்து ஆண்டுகளில் எந்த ஆண்டில் கண்டுபிடித்தாலும், புற்றாகும் முன்பே அதை நீக்கிவிடலாம்.

அப்படியிருந்தும் 2022-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி உலகில் ஏறக்குறைய 6,60,000 பெண்களுக்கு இந்நோய் கண்டது. 3,50,000 பேர் இறந்தார்கள். இந்தியாவில் மட்டும் இறந்தவர்கள் ஏறக்குறைய 80,000 பேர். ஐந்து சாவுகளில் ஒன்றுக்கு மேல் நம் நாட்டில்! காரணம் இதுதான்: அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளும் வலி இல்லை, காய்ச்சல் இல்லை. துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மாதவிலக்கு நின்ற பின்னும் உதிரப்போக்கு, உறவுக்குப் பின் உதிரம், இடுப்பு வலி என்று அடையாளங்கள் தோன்றும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். நோயின்றி நன்றாக இருக்கும் பெண்ணைத்தான் நாம் பரிசோதிக்க வேண்டும். நன்றாக இருக்கும் பெண்ணோ மருத்துவமனைப் பக்கம் வருவதில்லை.

மேலை நாடுகளில் இதற்கு வழி கண்டவர் கிரேக்க நாட்டிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய ஜார்ஜ் பாப்பனிகோலா என்ற மருத்துவர். கருப்பைவாயிலிருந்து சில செல்களை வழித்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது அவர் முறை. அவருடைய மனைவி மேரி பல ஆண்டுகள் தம்மையே அந்தச் சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார் என்பதைப் பாடநூல்கள் ஏனோ சொல்வதில்லை. அம்முறையால் செல்வ நாடுகளில் இந்நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் தகட்டைப் படிக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், முடிவு வரச் சில நாட்கள் ஆகும், அதைக் கேட்க அந்தப் பெண் மறுபடியும் வர வேண்டும். ஒரு முறை வருவதே அரிதான இடத்தில் இருமுறை வரச் சொன்னால் என்ன ஆகும்?

இதற்கு விடையாக வந்ததுதான் வினிகர் பரிசோதனை. நம் முன்னோர் காடி என்று சொன்ன, ஊறுகாயில் சேர்க்கும் அதே புளிப்புப் பொருள்தான். வேதியியலில் நீங்கள் படிக்கும் அசிட்டிக் அமிலம். நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை நீர்த்த அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்திருந்து, நல்ல விளக்கொளியில் வெறும் கண்ணால் பார்க்கிறார்கள். மாறத் தொடங்கிய செல்களில் புரதம் மிகுதி. அமிலம் பட்டதும் அப்புரதம் சற்று நேரத்துக்கு உறைந்து, அவ்விடம் வெண்மையாகத் தெரியும். முட்டையின் வெள்ளைக்கரு வெந்தால் வெளுப்பதை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். அயோடினைத் தடவிப் பார்க்கும் முறையும் உண்டு. நல்ல செல்களில் கிளைக்கோஜன் இருப்பதால் அவை கரும்பழுப்பாகும். மாறிய செல்களில் அது குறைவாதலால் மஞ்சளாகவே நிற்கும். ஆய்வகத்தில் மாவுப்பொருளின் மேல் அயோடினைச் சொட்டி நீலநிறம் பார்த்த மாணவியருக்கு இது புதிதாக இராது.

வெண்மை தெரிந்தால் புற்றுநோய் என்று பொருள் இல்லை. புண்ணோ அழற்சியோ இருந்தாலும் வெண்மை தெரியலாம். மேலும் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். முன்நிலை மாற்றம் என்று தெரிந்தால், அழுத்தி அடைத்த வாயுவின் குளிர்ச்சியால் அந்தச் சிறு இடத்தை உறையச் செய்து அழித்துவிடுகிறார்கள். சில நிமிடங்களில் முடிகிற சிகிச்சை. மயக்க மருந்து வேண்டியதில்லை. மாதவிலக்கு நின்ற வயதினருக்கு வினிகர் முறை அவ்வளவாகப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பார்க்க வேண்டிய இடம் அவ்வயதில் உள்ளே சுருங்கிவிடுகிறது.

இவ்வளவு எளிய சோதனை உயிரைக் காக்குமா என்று உலகம் ஐயுற்றது. அந்த ஐயத்தைத் தீர்த்தவர்கள் நம் தமிழ்நாட்டுக் கிராமப் பெண்கள். நாமக்கல், கரூர் வழியாகத் தெற்கே சென்றால் திண்டுக்கல். அம்மாவட்டத்தில், காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஒட்டன்சத்திரத்திற்கு அருகே அம்பிளிக்கை என்றோர் ஊர். அங்குள்ள கிறிஸ்டியன் பெல்லோஷிப் சமூக சுகாதார மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்சு நாட்டின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் ஒரு பெரும் பணியைத் தொடங்கின.

அடையாறு நிலையத்தைப் பற்றி இங்கே ஒரு சொல். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், மாதர் சங்கத் தோழியரோடு வீடுவீடாகவும் மேடைமேடையாகவும் நிதி திரட்டி, 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் திறந்த மருத்துவமனை அது. பெண்கள் கூடிச் சமைத்த மருத்துவமனை என்றால் மிகையாகாது.

திண்டுக்கல் பணிக்குத் திரும்புவோம். 114 ஊராட்சிப் பகுதிகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 பகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் வீடுகளுக்கே சென்று அழைத்து, ஊருக்குள் முகாம் வைத்து, வினிகர் சோதனை செய்தார்கள். சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள்; மருத்துவர்கள் அல்லர். வெண்மை தெரிந்தவர்களை உருப்பெருக்கிக் கருவியால் பார்த்ததும், தசைத்துணுக்கு எடுத்ததும், ஏற்ற இடத்தில் குளிர்சிகிச்சை அளித்ததும் அதே செவிலியர்கள்தாம். பெரும்பாலும் அதே வருகையிலேயே எல்லாம் முடிந்தது. முற்றியவர்களை மட்டும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

2000 முதல் 2003 வரை 31,343 பெண்கள் சோதனைக்கு வந்தார்கள். 3,088 பேருக்கு வெண்மை தெரிந்தது. பிறகு 2006 வரை, எந்த ஊரில் எவருக்கு நோய் வந்தது, எவர் இறந்தார் என்று பதிவேடுகளின் மூலம் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2007-ஆம் ஆண்டு லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. சோதனை நடந்த ஊர்களில் இந்நோய் நூற்றுக்கு 25 பங்கும், இந்நோயால் வரும் சாவு நூற்றுக்கு 35 பங்கும் மற்ற ஊர்களைவிடக் குறைந்திருந்தன. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த சோதனையின் பயன் இது! முப்பதுகளில் இருந்த பெண்களிடம் பயன் இன்னும் மிகுதி.

மற்ற 57 பகுதிகளின் பெண்கள் என்ன ஆனார்கள் என்று கூர்மையுள்ள மாணவி ஒருத்தியாவது கேட்பாள். அவர்களுக்கு அன்று வழக்கத்தில் இருந்த மருத்துவ வசதி மட்டுமே இருந்தது. அவர்களைத் தேடிச் சென்று சோதிக்கவில்லை. அந்த ஆண்டுகளில் அங்கே 92 பேர் இந்நோயால் இறந்தார்கள். சோதனை இல்லாமல் ஒரு பாதியை விட்டது முறையா என்று பின்னாளில் மருத்துவ உலகில் கடுமையாகக் கேட்டவர்கள் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்காமல் உண்மை தெரியாது, தெரியாத ஒன்றுக்கு எந்த அரசும் பணம் ஒதுக்காது என்று மறுமொழி சொன்னவர்களும் உண்டு. இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 92 பேரும் ஏதோவொரு வீட்டின் தாய்மார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்றே நான் கருதுகிறேன்.

இன்னும் என் மனத்தை விட்டகலாத கணக்கு வேறொன்று உண்டு. அழைக்கப்பட்ட பெண்கள் 49,311 பேர். வந்தவர்கள் நூற்றுக்கு 64 பேர்கூட இல்லை. வீட்டு வாசலுக்கு வந்து அழைத்தும், ஊருக்குள்ளேயே முகாம் வைத்தும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரவில்லை. முன்நிலை மாற்றம் இருப்பதாகத் தெரிந்த 1,874 பேரிலும் 72 விழுக்காட்டினரே சிகிச்சை பெற்றார்கள். மருந்தும் கருவியும் கையில் இருந்தும் நான்கில் ஒருவருக்கு மேல் அதைப் பெறாமல் போனார்கள்.

ஏன் வரவில்லை? நம் சீமையில் நின்று பார்த்தால் இது விளங்கும். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிக்குத் தார் சுற்றும் பெண்ணை, ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் குச்சிக்கிழங்குக்குத் தோல் சீவும் பெண்ணை, நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். இவர்களிடம் போய் அழைத்தால் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"அக்கா, ஒரு நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போங்கக்கா. காசு ஒண்ணும் வேண்டாமுங்க."

"எனக்கென்ன கண்ணு நோவு? நல்லாத்தான இருக்கறேன்."

"நல்லா இருக்கறப்பத்தான் பாக்கோணுமுங்க."

"அட போ கண்ணு. ஒரு நாள் கூலியை யாரு குடுப்பா? அங்க போயி அதையெல்லாம் காட்டறதுக்கு வெக்கமா இருக்காதா? எங்க ஊட்டுல கேட்டுத்தான் சொல்லோணும்."

இதில் எந்த விடையும் அறியாமையால் வந்ததன்று. ஒரு நாள் கூலி போவது உண்மை. கூச்சம் உண்மை. கணவரையோ மாமியாரையோ கேட்டாக வேண்டியிருப்பதும் உண்மை. போதாக்குறைக்கு, நோய் இருப்பதாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. சுவரொட்டி ஒட்டியோ ஒலிபெருக்கி வைத்தோ இவற்றைப் போக்க முடியாது. அதே தெருவில் வாழும், நாலு முறை வந்து பேசக்கூடிய ஒரு பெண்ணால் ஓரளவு முடியும்.

நான் இப்படிச் சொல்வதற்கு மும்பையில் ஒரு சான்று உண்டு. அங்கே டாடா நினைவு மருத்துவமனை 1998 முதல் குடிசைப் பகுதிகளில் இதே வினிகர் சோதனையை நடத்தியது. சோதனை செய்தவர்கள் செவிலியர்கூட அல்லர். பத்தாம் வகுப்பு வரை படித்து, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையாக நான்கு சுற்று சென்றார்கள். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் நோயைப் பற்றி எடுத்துச் சொன்னார்கள். அழைத்தவர்களில் நூற்றுக்கு 89 பேர் சோதனைக்கு வந்தார்கள். சாவு நூற்றுக்கு 31 பங்கு குறைந்தது என்று 2014-இல் முடிவு வெளியாயிற்று. பத்தாம் வகுப்பு முடிக்கப்போகும் நம் மாணவியர் இதை இரண்டாம் முறை படிக்கலாம்.

நம் மாநிலத்தில் அரசு சும்மா இருந்துவிடவில்லை. 2007-இல் தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் தொடங்கிய பரிசோதனைத் திட்டம் பின்னர் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்தது. 30 வயது கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கருப்பைவாய்ச் சோதனையும் மார்பகச் சோதனையும் செய்கிறார்கள். ஆயினும் 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? 30 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில், வாழ்நாளில் ஒரு முறையாவது கருப்பைவாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 10 பேர்கூட இல்லை. இந்தியா முழுமைக்கும் 2 பேர்கூட இல்லை என்பதால் நாம் மேல் என்று மகிழ்ந்துகொள்ளலாம். மீதி 90 பேரை எண்ணினால் அந்த மகிழ்ச்சி நிலைக்காது.

வாசலுக்கே செல்லும் முயற்சிகள் இப்போது நம் அருகிலும் வந்துவிட்டன. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. ஒரு காலத்தில் பழைய சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த பகுதிதான் அது. வீட்டுக்கு வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் தன்னார்வலர்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். அக்குழுக்கள் 1989-இல் தருமபுரியில் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் சேலத்துக்கு வந்தவை. சேமிப்புக்கும் கடனுக்கும் என்று கூடிய பெண்கள் இன்று கையில் கருவியோடு தெருவில் நடக்கிறார்கள். மேலே எழுதிய பேச்சில் "அக்கா" என்று அழைப்பவள் இவர்களில் ஒருத்தியாக இருந்தால், அந்த அக்கா கிளம்பி வர வாய்ப்பு உண்டு.

கூச்சத்துக்கும் இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, சிறு தூரிகையைக் கொண்டு பெண்ணே தனியறையில் தன் மாதிரியை எடுத்துக் கொடுக்கலாம். பிறர் பார்க்க வேண்டியதில்லை. 30 வயதிலிருந்து ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை இச்சோதனை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. செலவு வினிகரைவிட அதிகம் என்பதுதான் தடை.

மாணவியருக்கு உரியது தடுப்பூசி. 9 முதல் 14 வயதுக்குள் போட்டுக்கொண்டால் நல்ல பயன் தரும். சிக்கிம் மாநிலம் 2018-இல் பள்ளிகளின் மூலமாகவே இதைப் போட்டு, தகுதியுள்ள சிறுமியரில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் சென்றடைந்தது. புனே சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் என்ற நம் நாட்டுத் தடுப்பூசியும் 2022 முதல் உண்டு. பெற்றோர் தங்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம். ஆனால் மகளுக்குப் போட்ட ஊசி தாயைக் காக்காது. தாய்க்குப் பரிசோதனைதான். ஊசி போட்டுக்கொண்ட மகளும் 30 வயதானபின் பரிசோதனைக்குச் செல்லத்தான் வேண்டும்.

செல்ல எண்ணும் தாய்மார்களுக்குச் சில குறிப்புகள். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து வேறொரு நாளில் செல்லுங்கள். தனியே செல்லத் தயக்கமானால் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அழைத்துச் செல்லுங்கள். இருவருக்கும் ஒரே நாளில் முடிந்துவிடும். பெண் செவிலியர் வேண்டும் என்று கேட்கலாம், தவறில்லை. வினிகர் பட்டதும் இலேசாக எரிவது போலிருக்கும், உடனே தணிந்துவிடும். எல்லாம் ஐந்து பத்து நிமிட வேலை. முடிவை அங்கேயே சொல்லிவிடுவார்கள். மேலும் பார்க்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், அதை அரிசிப் பானைக்குள் வைத்துவிடாமல், அந்த வாரமே சேலம் அல்லது நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். சீட்டைப் படித்துச் சொல்லவும், கூடப் போகவும் வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள்.